மேடா, பள்ளமா?

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை இருக்கிறது. பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்கால்கள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் போலவே தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். பிள்ளைகளுக்குச் சிற்பம் என்றால் என்னவென்று காட்ட அந்தப் பூனையைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மறைமலை நகரில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். வந்து அதையே களிமண்ணில் செய்து பார்ப்பது என்று ஏற்பாடு. காலை ஏழரைக்கு வெயில் பாறையின் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. 90 அடிக்கு மேல் நீளம், 40 அடிக்கு மேல் உயரம், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் உளி. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பென்சிலால் வரைந்தார்கள், பசிக்கிறது என்றார்கள். சாப்பிட்டு, ஐந்து ரதங்களையும் சுற்றிவிட்டுப் பதினொன்றரைக்குத் திரும்பி வந்தபோது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சட்டென்று நின்றாள். "அத்தை, யானை வெளியே வந்துடுச்சு!"

அவள் சொன்னது முற்றிலும் சரி. அந்தப் பாறை கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. காலையில் தாழ்ந்த சூரியன் எதிரே நின்று ஒளியை நேராக வீசும்போது மேடும் பள்ளமும் ஒரேபோல் வெளுத்துவிடும். சூரியன் உச்சிக்கு ஏற ஏற, வெளிச்சம் பாறையின் முகத்தை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். அப்போது ஒவ்வொரு புடைப்புக்குக் கீழும் ஒரு நிழல் பிறக்கும். காதின் மடிப்பு, தும்பிக்கையின் உருட்சி, பெரிய யானையின் கால்களுக்கிடையே ஒண்டி நிற்கும் குட்டிகள் எல்லாம் அந்த நிழலால்தான் பிரிந்து தெரிகின்றன.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், புடைப்புச் சிற்பத்தின் ரகசியமே இதுதான். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி. இரண்டும் ஒரு பொருளைச் சற்றே வெவ்வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் இந்தக் கணக்கு துல்லியமானது. இருபது, முப்பது மீட்டர் தள்ளி நின்று நாலு விரற்கடைப் புடைப்பைப் பார்க்கும்போது அந்த வேறுபாடு மிகவும் சிறுத்துவிடும். அப்போது மூளை பெரிதும் நம்புவது நிழலை. சிற்பி கல்லைச் செதுக்குகிறார். அதன் வழியாக நிழல் எங்கே விழ வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் களிமண் பிசைந்தோம். களிமண்ணின் துகள்கள் 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை, அதாவது ஐந்நூறை வரிசையாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. மணலைப் போல உருண்டையாக இல்லாமல் தட்டுத் தட்டாக இருக்கும். தட்டுகளுக்கிடையே தண்ணீர் புகுந்துகொள்வதால் அழுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். விட்டால் வழுக்கிய இடத்திலேயே நிற்கும். பிள்ளையின் கட்டைவிரல் ரேகைகூட அப்படியே பதிவது இதனால்தான். அந்தத் தண்ணீர் வெளியேறும்போது மண் சுருங்கும். மெல்லிய வால் முதலில் காய்ந்து சுருங்க, தடித்த உடம்பு ஈரமாகவே இருந்தால் இடையில் விரிசல் விடும். ஆகவே ஈரத்துணி போட்டு மூடி, மெதுவாகக் காயவிட வேண்டும். ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கீறிவிட்டு, மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி ஒட்டுங்கள்.

ஒரு பையன் பலகையில் கட்டைவிரலால் வரிசையாகக் குழி போட்டான். அதைப் போனில் படம் எடுத்து, தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன். குழிகள் எல்லாம் கொப்புளங்களாக எழுந்து நின்றன! திரும்ப நேராக்கினால் மறுபடி குழி. ஆறு பேரும் மாற்றி மாற்றிப் பிடுங்கிப் பார்த்தார்கள்.

இதற்கு விளக்கம் சொன்னவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர்தான். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். நிழலிலிருந்து உருவத்தை மூளை எப்படி ஊகிக்கிறது என்பதை 1988இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வெளிச்சம் ஒன்றே ஒன்று, அது மேலிருந்து வருகிறது என்று மூளை கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. மேல்விளிம்பு வெளுத்துக் கீழே கறுத்திருந்தால் மேடு. மேலே கறுத்துக் கீழே வெளுத்திருந்தால் பள்ளம். ஒரே சூரியனின் கீழ் கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த உயிர்களின் வழி வந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? இன்னும் வியப்பானது, இந்த 'மேலே' என்பது வானம் இருக்கும் பக்கம் அல்ல, நம் தலை இருக்கும் பக்கம். படத்தை அசைக்காமல், குனிந்து கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்தாலும் மேடும் பள்ளமும் இடம் மாறும். பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொன்னேன். அன்று மாலை எங்கள் வாசலில் வரிசையாகக் குனிந்து நின்றவர்களைப் பார்த்துத் தெருவே என்னவோ என்று விசாரித்தது.

சதுர்த்திக்கு மண் பிள்ளையார் விற்பவர் வைத்திருக்கும் அச்சையும் இப்படிப் பாருங்கள். நாலு எட்டு தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அச்சின் குழிக்குள் பார்த்தால், பல நேரம் முகம் வெளியே புடைத்திருப்பதாகவே தெரியும். நீங்கள் பக்கவாட்டில் நகர்ந்தால் அதுவும் கூடவே திரும்புவதுபோல் இருக்கும். குழிந்த முகம் என்று ஒன்றை மூளை வாழ்நாளில் ஏற்றுக்கொண்டதே இல்லை. நிழல் வேறு சொன்னாலும் அது தன் பழக்கத்தையே நம்பும்.

இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் அப்பா, கார்த் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர், "நாங்க டியூட்டியில பார்க்கிறதும் இதேதாங்க" என்றார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று இந்தப் பக்கம் முழுக்க நடக்கும் வேலை அது. டை என்பதும் ஓர் அச்சுதானே. அதிலிருந்து வெளிவரும் கதவிலோ பானெட்டிலோ தலைமுடி அளவு ஒடுக்கு இருந்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாது. வரிசையாக டியூப்லைட் எரியவிட்டு, சாய்வாக நின்று பார்ப்பார்கள். பளபளப்பில் விளக்கின் பிம்பம் கோடாக ஓட வேண்டும். ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே தகடு நெளிந்திருக்கிறது. அவர் மகள் அன்றைக்குத்தான் அப்பாவின் வேலையை முதன்முதலாக இவ்வளவு கவனமாகக் கேட்டாள்.

பிள்ளைகள் செய்த பூனைகள் ஆறும் ஆறு விதம். ஒன்றுக்குக் கை மூன்று. எதையும் நான் திருத்தவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்: பெயின்ட் அடிக்கக் கூடாது. பள்ளிக் கண்காட்சிகளில் களிமண் உருவங்களுக்குப் பளபளவென்று நாலு நிறம் பூசி வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. நிறம் போட்டதும் கண் நிழலை விட்டுவிட்டு நிறத்தின் பின்னால் போய்விடும். பிஞ்சு விரல் அழுத்திச் செய்த வளைவு காணாமல் போகும்.

அடுத்து மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்குப் போக இருக்கிறோம். 1959இல் திறக்கப்பட்ட வெண்கலச் சிலை. பாறையைப் புரட்டும் நான்கு பேர். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இல்லை. சுற்றி நடந்து பார்க்க வேண்டும். அது வேறு பாடம், பெரும்பாலும் அட்டையும் கம்பியும் கொண்டு செய்ய வேண்டியது.

இந்தச் சதுர்த்திக்குப் பிள்ளையார் வாங்கும்போது இரண்டு கைப்பிடி களிமண்ணும் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் பூனையோ யானையோ செய்து முடித்ததும் கூடத்து டியூப்லைட்டை அணைத்துவிட்டு, போனின் டார்ச்சை முதலில் நேராக, பிறகு மேலிருந்து சாய்வாகப் பிடியுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், அவர்களே சொல்வார்கள்.