பத்துக் கிலோமீட்டரும் ஓர் ‘அல்லது’வும்

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பற்றிய கட்டுரையில் 18.3.2020, கோயில் மூடல், பள்ளி மூடல், கூடல் இடைவெளி என்று அடுக்கியதோடு நின்றுவிடாதீர்கள். ஏப்ரலில் வந்த விதி ஒன்றைப் பாருங்கள்: சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர், 10 கிலோமீட்டருக்குள். நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவருக்கு, ‘டவுனே தூரமாச்சே, அரிசிக்கு எங்க போறது?’ என்றுதான் தோன்றும். விடை ஆணையிலேயே இருந்தது: அல்லது, அந்தத் தூரத்துக்குள் கிடைக்காவிட்டால், மிக அருகிலுள்ள இடத்துக்குப் போகலாம். அந்த ‘அல்லது’வை விட்டுவிட்டுப் படித்தால் அடுப்பு எரியாது.

உதவித்தொகையும் அப்படித்தான். 2020இல் மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாத குடும்பத்துக்கு 1,600 வெள்ளி கிடைத்தது. ‘பேங்க் கணக்கு இல்லியே’ன்னு ஒதுங்க வேண்டியிருக்கவில்லை, பேங்க் சிம்பானான் நேஷனலில் ரொக்கமாகவே வாங்க முடிந்தது. ஆசிரியர்களே, இத்தகைய அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து, பாட்டிக்குச் சொல்வதுபோல் பேச்சுத்தமிழில் எழுதச் சொல்லுங்கள்.