பூனைக்கு எத்தனை விரல்?

திருவனந்தபுரம் வலியசாலையில், காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டிய தெருக்களில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் வரிசை வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். இத்தகைய தெருக்களில் மனிதர்கள் வாசல் வழியே நடமாட, பூனைகள் கூரை வழியே நடமாடுகின்றன. யார் வீட்டுப் பூனை எது என்று சொல்வதுகூட எளிதன்று. அவற்றின் விரல்களை எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

எண்ணினால், முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக 18 விரல்கள் இருக்கும். முன்காலின் ஐந்தாவது விரல் தரையைத் தொடாமல் உட்புறம் சற்று உயரே அமைந்திருப்பதால், பலர் அதைத் தவறவிட்டு 16 என்றே கணக்கிடுவர். சில பூனைகளோ இதற்கு மேலும் விரல்களுடன் பிறக்கின்றன. பெரும்பாலும் முன்காலின் பெருவிரல் பக்கத்தில் ஒன்றிரண்டு கூடுதலாக முளைத்து, பூனை கையுறை அணிந்தது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. கனடாவைச் சேர்ந்த ஜேக் என்னும் பூனைக்கு 28 விரல்கள் இருந்தன. கால்நடை மருத்துவர் ஒருவர் 2002இல் எண்ணி உறுதிசெய்த பின் அது கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது.

இவ்வகைப் பூனைகளுக்குப் புகழ்பெற்ற ஊர், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தென்கோடித் தீவான கீ வெஸ்ட். எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1930களில் அங்கு வாழ்ந்தார். கப்பல் தலைவர் ஒருவர் ஆறு விரல் கொண்ட வெள்ளைப் பூனை ஒன்றை அவருக்குப் பரிசளித்ததாகச் சொல்லப்படுகிறது. இன்று அருங்காட்சியகமாக விளங்கும் அவ்வீட்டில் ஏறத்தாழ அறுபது பூனைகள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மிகைவிரல்கள் உண்டு. விரல் மிகுந்த பூனை எலி பிடிப்பதில் வல்லது, கப்பலுக்கு அதிர்ஷ்டம் தருவது என்று மாலுமிகள் நம்பினர். ஆறாம் விரலை அதிர்ஷ்டம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடமும் உண்டல்லவா?

ஓரிடத்தில் மட்டும் இவை பெருகக் காரணம் அதிர்ஷ்டமன்று, கணக்குத்தான். இப்பண்பு ஓங்கு பண்பு. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மாறிய மரபணுப் பிரதி ஒன்று கிடைத்தாலே போதும். எனவே குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு அது சென்று சேர்கிறது. வலியசாலைத் தெரு ஒன்றில் அத்தகைய கடுவன் ஒன்று வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். கூரை வழியே அது எட்டாத வீடில்லை. வெளியிலிருந்து வேறு பூனைகளின் வரவும் குறைவாக இருந்தால், சில ஆண்டுகளில் அத்தெருவே ஆறு விரல் பூனைகளின் தெருவாகிவிடக்கூடும். தீவில் நிகழ்வதும் இதுவே.

இனி, விரல் ஏன் கூடுகிறது என்ற கேள்வி. கருவில் கால் முதலில் சிறு மொட்டாகவே தோன்றுகிறது. அதன் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில் ஒரு புரதம் சுரக்கிறது. அங்கிருந்து தொலைவு கூடக்கூட அதன் செறிவு குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே எங்கே எந்த விரல், மொத்தம் எத்தனை என்பவை முடிவாகின்றன. அப்புரதத்தை ஆக்கும் மரபணுவுக்கு ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்று பெயர். கணினி விளையாட்டு ஒன்றில் வரும் நீலநிற முள்ளெலியின் பெயர் அது. அறிவியலாளர்களும் விளையாட்டுப் பிள்ளைகளே.

மிகைவிரல் பூனையில் இந்த மரபணு முற்றிலும் செம்மையாகவே உள்ளது. மாறியிருப்பது அதன் சுவிட்ச். விளக்கு ஓர் அறையிலும் அதன் சுவிட்ச் பத்து வீடு தள்ளியும் இருப்பதுபோல, மரபணுவிலிருந்து சுமார் பத்து லட்சம் எழுத்துகளுக்கு அப்பால், வேறொரு மரபணுவின் இடையே, ஏறத்தாழ 800 எழுத்துகள் கொண்ட சிறு பகுதியாக அது அமைந்துள்ளது. எடின்பரோ ஆய்வாளர்கள் கீ வெஸ்ட் பூனைகளையும் பிரிட்டன் பூனைகளையும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: அந்த 800 எழுத்துகளில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது. அதனால் புரதம் பெருவிரல் பக்கத்திலும் சுரந்துவிடுகிறது. அங்கும் விரல் முளைக்கிறது. கீ வெஸ்ட் பூனைகளில் மாறிய எழுத்து வேறு, பிரிட்டன் பூனைகளில் மாறியவை வேறு. ஒரே விளைவு தனித்தனியே தோன்றியிருக்கிறது. நான்குக்குப் பதில் ஐந்து விரல் கொண்ட சில்க்கி இனக் கோழியின் கதையும் இதே சுவிட்சில்தான் தொடங்குகிறது. பாம்புகளிலோ இந்தச் சுவிட்ச் சிதைந்துபோயிற்று. 2016இல் எலிகளின் சுவிட்சை நீக்கிப் பாம்பினுடையதை வைத்துப் பார்த்தபோது, அவ்வெலிகளின் கால்கள் வெறும் மொட்டளவிலேயே நின்றுவிட்டன.

வீட்டில் இத்தகைய குட்டி பிறந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது நகம் ஒன்றே. இடையில் முளைத்த விரலின் நகம் தரையிலோ மரத்திலோ உரசித் தேய்வதில்லை. வளைந்து வளர்ந்து பாதத்திலேயே குத்திப் புண்ணாக்கும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நுனியை வெட்டிவிடுதல் நலம். முன்கால் எலும்பே குறுகிக் கோணிப் பிறப்பது வேறொரு குறைபாடு. அதிலும் விரல் மிகுவதுண்டு என்பதால், நடை தடுமாறும் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அத்தகைய பூனையை இனப்பெருக்கத்திற்கு விடலாகாது.

மனிதரிடமும் இதே மரபணுவும் சுவிட்சும் உள்ளன. பெருவிரல் இரட்டையாவதற்கு அச்சுவிட்சின் மாற்றமும் ஒரு காரணம். சுண்டுவிரல் பக்கத்து ஆறாம் விரலுக்குக் காரணமாகும் வேறொரு மரபணு மாற்றம் 1997இல் இந்தியக் குடும்பம் ஒன்றில் கண்டறியப்பட்டது. மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியைச் சேர்ந்த ஸ்வப்னா பர்மனுக்கு இரு பாதங்களிலும் ஆறாறு விரல்கள். ஐந்து விரலுக்கென்றே தைத்த காலணிகளில் வலியோடு ஓடிய அவர், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஏழு போட்டிகள் அடங்கிய ஹெப்டத்லானில் 6026 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார். அவர் பாதத்திற்கு அளவெடுத்த காலணி கிடைத்தது அதன் பின்னரே.

பிறந்த குழந்தையின் கூடுதல் விரலில் நூலைக் கட்டி உதிரச் செய்யும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அது சீழ்பிடிக்கவும் வலிக்கும் கட்டி எஞ்சவும் இடமளிக்கும். எலும்பு உள்ள விரலென்றால் ஆபத்து இன்னும் அதிகம். சிலவேளை ஆறாம் விரல், இதயம் அல்லது சிறுநீரகம் சார்ந்த வேறு குறைபாட்டின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். ஆகவே முதலில் குழந்தைநல மருத்துவர் பார்க்கட்டும். அகற்ற வேண்டுமா, எப்போது என்பது அதன் பிறகு.

விரலை அகற்றாமல் வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி. ஆதார் பதிவின்போது கூடுதல் விரலை விடுத்து, வழக்கமான பத்து விரல்களின் ரேகையையே எடுக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். வங்கியில் கைரேகைக் கருவியில் விரல் வைக்கும்போதும் அந்தப் பத்தில் ஒன்றையே வைத்தல் வேண்டும்.