சர்வகலாசாலைப் புத்தகசாலையும் கிராமத்தாரும்

1995-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்க தேசத்து மிஸிஸிப்பி சர்வகலாசாலையின் வைத்திய நிலையத்திற்கு, புண்ணை ஆற்ற மஞ்சள் தூளை உபயோகிக்கும் முறைக்காகப் பேடண்டு உரிமை வழங்கப்பட்டது. அடிபட்ட குழந்தைக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசாத வீடு நம் தேசத்தில் உண்டோ? ஆயினும் பாட்டிமார் வழக்கம் என்று வாயால் சொன்னால் பேடண்டு ஆபீஸார் ஏற்பதில்லை. அச்சிலே ஏறிய சாட்சி வேண்டும். விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸிலார், டாக்டர் மாஷேல்கர் தலைமையில், 1996-ம் வருஷத்தில் ஆட்சேபணை மனுச் செய்து, பழைய நூல்களிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் 32 ஆதாரங்களைக் காட்டினர். 1953-ல் இந்திய வைத்திய சங்கத்தார் பத்திரிகையில் வெளியான கட்டுரை ஒன்றும் அவற்றில் அடங்கும். 1997-ல் அவ்வுரிமை தள்ளுபடியாயிற்று. நாற்பத்து நான்கு வருஷம் அலமாரியில் தூங்கிய ஒரு கட்டுரை, தேவைப்பட்ட நாளில் எழுந்து சாட்சி சொல்லிற்று.

இவ்விஷயத்தில் கற்ற பாடத்தினால் 2001-ல் பாரம்பரிய ஞான டிஜிடல் நூலகம் என்னும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. ஆயுர்வேத, யூனானி, சித்த வைத்திய நூல்களிலுள்ள முறைகளை ஐந்து அயல் பாஷைகளில் எழுதி, பல தேசத்துப் பேடண்டு ஆபீஸார் பார்வைக்கு அது வைக்கிறது. தமிழிலுள்ள சித்த நூல்களும் இவ்வகையில் அவர்கள் கண்ணுக்குத் தெரிய வந்தன.

ஏடுகளைத் தேடுவது பண்டிதர்கள் வேலை என்று மிராசுதார்கள் ஒதுங்கியிருக்க இப்பொழுது நியாயமில்லை. 1868-ல் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட விவசாயப் பள்ளிக்கூடம் கோயம்புத்தூருக்கு மாறி, காலேஜாகி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. இத்தகைய சர்வகலாசாலைகளின் புத்தகசாலைகளில் காகிதப் புஸ்தகங்களோடு, கம்ப்யூட்டர் மூலம் திறக்கும் பண்டகசாலைகளும் உள்ளன. டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தும் கிருஷிகோஷ் என்பதில் பழைய விவசாய நூல்களும், பற்பல விவசாய சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சி நிபந்தங்களும் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இதை வீட்டிலிருந்தும் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தாரின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் கிடைக்கும். விலை கொடுத்துப் படிக்க வேண்டிய விஞ்ஞானப் பத்திரிகைகளோ புத்தகசாலைக் கட்டடத்திற்குள் உள்ள கம்ப்யூட்டரில் மட்டுமே பெரும்பாலும் திறக்கும். 2025-ம் வருஷ ஆரம்பம் முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்தின்படி, 30 பிரசுரகர்த்தர்களின் ஏறக்குறைய 13,000 பத்திரிகைகளுக்கு மத்திய சர்க்காரே மொத்தமாகச் சந்தா செலுத்தி, சர்க்கார் சர்வகலாசாலைகளுக்கு அளிக்கின்றனர்.

தேடும் முறையில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். சோளம் என்று தமிழில் தட்டினால் மேல்நாட்டுப் பத்திரிகைகளில் ஒன்றும் வராது. சாஸ்திரப் பெயரைத் தட்ட வேண்டும். அப்பெயரும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இன்று சொர்கம் பைகலர் எனப்படும் சோளம், பழைய நூல்களில் ஆண்ட்ரோபோகன் சொர்கம் என்றும், சொர்கம் வல்கரே என்றும் வழங்கியது. கம்பும் அவ்வாறே, பென்னிசெட்டம் டைஃபாய்டியம் என்று முன்னும், பென்னிசெட்டம் கிளாக்கம் என்று பின்னும் எழுதப்பட்டது. ஒரு பெயரை மட்டும் தேடுகிறவர் பாதி ஏடுகளைக் காணாமலே திரும்புவார். சென்னை மாகாணத்துப் பழைய அறிக்கைகளிலே சோளம், கம்பு, ராகி என்ற நம் பெயர்களே ஆங்கில எழுத்தில் இருப்பதும் உண்டு. அவற்றையும் தட்டிப் பார்த்தல் நலம். ஊர்ப் பெயர்களுக்குத் தஞ்சாவூரை டாஞ்சூர் எனவும், திருச்சிராப்பள்ளியை டிரிச்சினாபலி எனவும் அக்காலத்தார் எழுதிய வழக்கை மறக்கலாகாது.

பழைய அச்சைக் கம்ப்யூட்டர் தானே படித்து எழுத்தாக்கும்போது பிழை நேரிடும். தமிழ் எழுத்தில் இப்பிழை அதிகம். ரகரமும் காலும் ஒன்றுக்கொன்று மாறிவிடும். ஆகையால் தேடல் ஒன்றும் தரவில்லையென்றால் ஏடே இல்லை என்று முடிவு கட்டாமல், அந்தந்த வருஷத்துத் தொகுதியின் பொருளடக்கத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பொறுமையுள்ளவர்க்கு இவ்வேலை களையெடுப்பைவிடக் கடினமன்று.

இவ்வாறு தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஜி. இ. பி. 24 நெல்லே போதும். கோயம்புத்தூரில் 1912-ல் நெல் விருத்தி நிலையம் ஏற்பட்டபின், கிச்சிலிச் சம்பா எனவும் வழங்கப்பட்டு 1921-ல் வெளிவந்த சன்ன ரகம் இது. அதனைக் கோ 18 ரகத்தோடு சேர்த்துத் திரூர்க்குப்பத்தில் டி. கே. எம். 6 உண்டாக்கினர். தண்டுப்புழுவைத் தாங்கும் அதன் குணத்தை நாடி, பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதைக் கலப்புக்கு எடுத்து, 1969-ல் ஐ. ஆர். 20-ஐ வெளியிட்டனர். வெளிதேசத்து நெல் என்று நம்மவர் எண்ணி விதைத்த ஐ. ஆர். 20-ன் வம்சத்தில் நம் கிச்சிலிச் சம்பா கலந்திருக்கிறது. இவ்வம்சாவளி முழுவதும் ஏடுகளில் பதிந்திருப்பதாலேயே இன்று சொல்ல முடிகிறது. பதிவு பெறாமல் மறைந்த நாட்டு ரகங்களைப்பற்றி யாரால் என்ன சொல்ல முடியும்?

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் இதில் நேரான காரியம் ஒன்றுண்டு. 2002-ம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். 2001-ம் வருஷத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், குடியானவர் தம் பரம்பரை ரகத்தைத் தம் பெயரில் பதிவு செய்யவும் இடமளிக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் நினைவில் உள்ளதைக் கேட்டெழுதுவது முதல் வேலை. அந்த ரகத்தைப்பற்றி ஐம்பது, நூறு வருஷத்துக்குமுன் அச்சான ஒரு குறிப்பையும் அதனோடு சேர்த்துவிட்டால், பிற்காலத்தில் எவர் உரிமை கோரினும் எதிர்த்து நிற்கலாம். மஞ்சளுக்கு வந்த வம்பு வேறொரு பயிருக்கு வராதென்பதற்கு உறுதி ஏது?

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உள. பழைய பிரசுரங்களில் பூச்சிகளுக்குப் பாஷாண மருந்துகளும் டி. டி. டி.யும் தாராளமாகச் சிபார்சு செய்யப்பட்டிருக்கும். டி. டி. டி. விவசாய உபயோகத்தினின்று 1989-ல் விலக்கப்பட்டது. ஆகவே மருந்து விஷயத்தில் பழைய ஏட்டைச் சரித்திரமாகப் படிக்க வேண்டுமேயன்றிப் பிரயோகத்தில் கொண்டுவரலாகாது. விளைச்சல் கணக்குகளிலும் அளவை மாறும். செங்கற்பட்டுக் காணி 1.32 ஏக்கர், தஞ்சாவூர் வேலியோ 20 மா கொண்டது, சுமார் 6.6 ஏக்கர். இதைக் கவனியாமல் அக்கால மகசூலை இக்காலத்தோடு ஒப்பிட்டு வியப்பவர்கள் பலர். மேலும், பஞ்சாப் மண்ணில் பலித்த பரீக்ஷை நம் கரிசலில் பலிக்குமென்று எண்ணிவிடக் கூடாது; பரீக்ஷை எங்கே, எந்தப் போகத்தில், எத்தனை வருஷம் நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிரதியெடுப்பதில் பயப்பட வேண்டியதில்லை. சர்க்கார் பிரசுரங்களுக்குப் பதிப்புரிமை 60 வருஷமே; அதற்கு முந்தியவற்றை எவரும் தாராளமாக எடுத்து வழங்கலாம். வெளியாருக்கு அனுமதி கொடுக்கும் விதிகள் ஒவ்வொரு புத்தகசாலையிலும் வெவ்வேறு. ஆதலால் புறப்படுமுன் கடிதமோ டெலிபோனோ மூலம் விசாரித்து, அடையாளச் சீட்டுடன் செல்வது உசிதம். பயிரின் பெயர், ஊர், தாலூகா, உத்தேச வருஷம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் புத்தகசாலை அதிகாரி அரைமணியில் வழி காட்டுவார். எடுத்த பிரதியின் பின்புறத்தில் நூலின் பெயர், வருஷம், பக்க எண், எடுத்த தேதி ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டிற்கு வந்தபின் எழுதலாமென்று விட்டவர்கள் இரண்டாம் முறை கோயம்புத்தூருக்கு ரயிலேற நேரிடும்.