தியாகராய நகரில் ஜாகை

நம்முடைய நண்பர் ஒருவர் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சமீபத்தில் ஓய்வு பெற்றார். சேமநிதிப் பணத்தைப் பாங்கியில் போட்டுவிட்டு, "குடியிருந்தால் தியாகராய நகரில்தான் குடியிருப்பேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அச்சாரம் கொடுப்பதற்கு முன்னால் பேட்டையையும் அதன் மனிதர்களையும் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டுமென்று நம்மை அழைத்தார். பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு ஞாயிற்றுக்கிழமையில் இதைவிட மலிவான பொழுதுபோக்கு ஏது? தம்பதிகளுடன் நாமும் புறப்பட்டோம்.

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால், 2023-ஆம் வருஷத்தில் திறந்த நடைமேம்பாலம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் நிலையத்தின் அருகே விட்டுவிடுகிறது. கீழே ரங்கநாதன் தெருவில் ஜன சமுத்திரம் அலை மோதிக்கொண்டிருந்தது. "இந்த இரைச்சலிலா குடித்தனம் செய்வது?" என்று நண்பரின் மனைவி கலங்கினார். அவர் அவசரப்பட்டுவிட்டார். உஸ்மான் சாலையின் ஜவுளிக் கடைகளையும் நகைக் கடைகளையும் கடந்து இரண்டு திருப்பம் திரும்பினோமோ இல்லையோ, வேறோர் ஊர்! தூங்குமூஞ்சி மரங்களின் நிழல்; வாசலில் கோலம்; எங்கோ ஒரு மாடியில் குழந்தை ஸரளி வரிசை பாடிக்கொண்டிருந்தது.

தெருக்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் பழைய ஜஸ்டிஸ் கட்சியின் அங்கத்தினர் ஜாபிதாவையே படித்த மாதிரி இருக்கும். நகரத்துக்கே ஸர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர். நடுநாயகமான பூங்காவுக்குப் பனகல் ராஜாவின் பெயர். இன்னொரு பூங்காவுக்கு டாக்டர் நடேச முதலியாரின் பெயர். ஆனாலும் காந்தி மகானின் தொண்டில் பிறந்த தக்கர் பாபா வித்யாலயமும், தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபையும் இந்தப் பேட்டையிலேயே இருக்கின்றன. அபிப்பிராய பேதங்கள் அண்டை வீட்டுக்காரர்களாக வாழ்வதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் வசித்த இல்லத்தையும் எட்டிப் பார்த்தோம். ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவர், 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி உயிர் நீத்தது இந்த வாடகை வீட்டில்தான். மாகாணத்தையே ஆண்டவர் இந்தப் பேட்டையில் ஒரு சதுர அடி வாங்கவில்லை! நண்பர் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

பிறகு வீடு பார்த்தோம். மாமரமும் தாழ்வாரமுமாக இருந்த பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்கு வீடுகளாகி வருகின்றன. நாம் பார்த்ததும் அப்படி ஒன்றுதான். நாற்பது வருஷத்துக்கு முன் கட்டியது. முதல் மாடியில் தெலுங்கு பேசும் ஆடிட்டர் குடும்பம். அதற்கு மேலே குஜராத்தி வியாபாரி. அதற்கும் மேலே ஓய்வு பெற்ற டாக்டர் தம்பதிகள். டாக்டரின் பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். பேரனைத் தினமும் கண்ணாடித் திரையில் பார்க்கிறார்களாம். பணத்துக்குக் குறைவில்லாத தெருவில் மாலை வேளையில் பேச்சுத் துணைக்குத்தான் பஞ்சம் என்று தோன்றிற்று. வந்தவர்களுக்கு டாக்டரின் மனைவி காட்டிய உபசாரத்திலேயே அது தெரிந்தது.

விற்பனைக்கு வந்திருந்தது கீழ்க்கட்டு. மேல் வீடுகளைவிடக் கிரயம் கணிசமாகக் குறைவு. கட்டிடத்தில் மின்தூக்கி கிடையாது; நண்பரின் மனைவிக்கோ முழங்கால் வலி. "தெய்வமே கொடுத்த இடம்!" என்றார் நண்பர். இம்மாதிரி பழைய கட்டிடத்தில் சுவரைவிட மண் முக்கியம். பத்திரத்தில் பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நாளை இடித்துக் கட்டினால் பேரம் அதைக் கொண்டுதான் நடக்கும். வில்லங்கச் சான்றையும் புரட்டினோம். எல்லாம் சரியாகவே இருந்தன.

அப்போதுதான் எதிர் வீட்டுப் பாட்டி எங்களைக் கூப்பிட்டார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கூடத்துச் சுவரில் பென்ஸிலால் இழுத்த கோடு ஒன்றைக் காட்டினார். அது நம்முடைய இடுப்புக்குச் சரியாக இருந்தது.

"2015 டிஸம்பர், அம்மா. கட்டிலின் மேல் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். 2021-லும் வந்தது, ஆனால் முழங்காலோடு போயிற்று" என்றார்.

காரணம் தெரிந்ததுதான். இந்த நகரம் இருக்குமிடம் ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து தெற்கே வெகு தூரம் நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டாங்க்' என்றார்கள். 1920-க்குப் பிந்திய வருஷங்களில் அதை வடித்துத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு சாலை இன்றும் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 'டாங்க் பண்ட் ரோடு' இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரியும் இல்லை, கரையும் இல்லை. பெயர் மட்டும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. மழைத் தண்ணீரை அடையாற்றுக்குக் கொண்டு போக வேண்டிய மாம்பலம் கால்வாய் குறுகி, குப்பையால் அடைபட்டு, பெருமழையில் திணறுகிறது. தண்ணீருக்குத் தன் பழைய விலாசம் மறக்கவில்லை.

"இவ்வளவு கஷ்டப்பட்டும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள், பாட்டி?" என்று கேட்டோம்.

"கிருஷ்ண கான சபாவுக்கு நடந்தே போகலாம். வாணி மஹாலும் பக்கம். வெங்கட்நாராயணா சாலையில் பெருமாள். மார்கழி மாதம் ஒன்றுக்காக மற்றப் பதினொரு மாதத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்" என்றார் பாட்டி சிரித்துக்கொண்டே.

நண்பர் திரும்பிப் போய், கீழ்க்கட்டின் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். அங்கே புது வர்ணம் பளபளத்தது. கோடு ஒன்றும் தெரியவில்லை. தரகரோ ஜன்னல் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது நண்பர் வாய் திறக்கவில்லை. பாண்டி பஜாரில், 2019-இல் அகலப்படுத்திய நடைபாதையின் பெஞ்சு ஒன்றில் அவருடைய மனைவி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். சற்று நேரம் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"முதல் மாடிக்கு எத்தனை படி என்று எண்ணினேன், இருபத்திரண்டு. ஆடிட்டர் வீட்டில் விற்கிற உத்தேசம் உண்டா என்று விசாரியுங்கள்" என்றார்.