மாதிரி விமானமும் தரையதிர்வும்

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானங்கள் பெரும்பாலும் தரையிறங்கும்போதே சேதமுறுகின்றன. 2 கிலோகிராம் நிறையுள்ள விமானம் ஒன்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழிறங்கித் தரையைத் தொடுவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 1 ஜூல் மட்டுமே. எனினும், விறைத்த கால்கள் 2 மில்லிமீட்டர் தொலைவிலேயே அதனை நிறுத்திவிட்டால், எடையைக் கணக்கில் கொள்ளாமலேயே, சராசரியாக 500 நியூட்டன் விசை உடற்பகுதியைத் தாக்கும். மெல்லிய பால்சா மரம் பிளந்துவிடக்கூடும். கால்கள் 20 மில்லிமீட்டர் வளைந்துகொடுத்தால் அவ்விசை 50 நியூட்டனாகக் குறையும்.

இதனால்தான் கால்களுக்கு வில்லெஃகுக் கம்பி பயன்படுகிறது. கம்பியின் மேற்பகுதியை ஒரு சுற்றுச் சுருளாக்கினால் அது மேலும் நெகிழ்ந்துகொடுக்கும். தடிமனில் கவனம் வேண்டும்: 3 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 4 மில்லிமீட்டர் கம்பியை அமைத்தால் விறைப்பு மும்மடங்கிற்கும் மேலாகிறது, ஏனெனில், விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கிற்கேற்ப உயர்கிறது. வலிமை கருதித் தடித்த கம்பியை இடுவோர் இடறுவது இங்கேதான்.

வில், தான் ஏற்ற ஆற்றலைத் திருப்பித் தந்துவிடுகிறது. ஆகவே விமானம் பந்துபோல் துள்ளுகிறது. துள்ளியபின் வேகமிழந்து மூக்குக் குப்புற வீழ்வதும் உண்டு. பெரிய விமானங்களின் கால்களில் எண்ணெய் சிறு துளை வழியே பீறிட்டு அவ்வாற்றலை வெப்பமாக மாற்றுகிறது. சிறு மாதிரிகளில் நுரைச் சக்கரங்களும், இரு கால்களையும் பிணைக்கும் ரப்பர் வளையங்களும் ஓரளவு அப்பணியைச் செய்கின்றன. கால்களை நைலான் திருகாணிகளால் பொருத்துவதும் வழக்கம். விசை மிகும்போது அவை முறிந்து, கால்கள் மட்டும் கழன்றுவிடும், உடற்பகுதி தப்பும். புதிய திருகாணிகளை இட்டு அன்றே மீண்டும் பறக்கவிடலாம்.