தாய்மாரும் செவிலியர் கல்வியும்

சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஒரு தாய், பழைய தொழிலை விட்டுச் செவிலியர் கல்வியில் சேர்வது இன்று அமெரிக்காவில் வியப்புக்குரிய செய்தியன்று. முன்னாளில் அது அரிது. பயிற்சியைப் பெரும்பாலும் மருத்துவமனைகளே நடத்தின. மூன்று ஆண்டு விடுதியில் தங்க வேண்டும். மணமாகாத இளம் பெண்களையே பெரும்பாலும் சேர்த்தனர். பயிற்சி என்ற பெயரில் வார்டு வேலையில் பெரும்பங்கை அம்மாணவியரே சுமந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்நிலையை மாற்ற வழிகண்டவர் மில்ட்ரெட் மோன்டாக் அம்மையார். 1951இல் வெளிவந்த அவரது ஆய்வு, செவிலியரை இரண்டு ஆண்டுகளில் கல்லூரியிலேயே பயிற்றலாம் என்றது. மறு ஆண்டே சில இளநிலைக் கல்லூரிகளில் சோதனை தொடங்கிற்று. வீட்டிலிருந்தே வந்து படிக்கலாம் என்றதும், மணமானவர்களும் வயதில் மூத்தவர்களும் வந்து சேர்ந்தனர். வேறு பட்டம் பெற்றவர்களுக்கு 12 முதல் 18 மாதங்களில் முடியும் துரிதப் படிப்பும் இப்பொழுது உண்டு.

ஆயினும் ஓர் இடர் எஞ்சி நிற்கிறது. பாடப் புத்தகத்தைப் பிள்ளைகள் உறங்கிய பின் படிக்கலாம். நோயாளியின் அருகே நின்று கற்பதை அவ்வாறு ஒத்திவைக்க இயலாது. பல மருத்துவமனைகளில் காலை 7 மணிக்கே பணி கைமாறுகிறது. இரவுச் செவிலி நோயாளிகளின் நிலையைக் கூறி ஒப்படைக்கும்போது மாணவி அங்கே இருந்தாக வேண்டும். பள்ளிக்கூடமோ பெரும்பாலும் அதற்குப் பின்னரே திறக்கும். அவ்விடைவேளையில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? கணவரோ பாட்டியோ துணைக்கு இல்லையெனில், நீண்டாலும் பகுதிநேரப் படிப்பே மேல் என்பது என் கருத்து. துரிதப் படிப்பில் சேர்ந்தவர் வேலைக்கும் போய்க்கொண்டிருப்பதைக் கல்லூரிகள் பலவும் விரும்புவதில்லை.