உங்களுக்குத் தெரியுமா? எறும்பு ஏறத் தயங்கும் வலை

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தின் ஓரத்தில் காதிப் பொங்சு சதுப்புநிலக் காடு இருக்கிறது. அந்நாட்டின் இத்தகைய கரையோரக் காடுகளில் ட்ரைக்கோநெஃபிலா ஆன்டிபோடியானா (முன்பு நெஃபிலா ஆன்டிபோடியானா) என்ற சிலந்தி பொன்னிற வலை பின்னுகிறது. இரை சிக்கிக் கிடந்தாலும் எறும்புகள் அந்த வலையில் ஏறத் தயங்கும். ஏன்? 2011இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக, மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள்: இழையின்மேல் பைரோலிடினோன் என்ற வேதிப்பொருள் படிந்திருக்கிறது, அது எறும்பை விரட்டுகிறது. இதே இனத்தின் சின்னஞ்சிறு இளம் சிலந்திகளின் இழையில் அது இல்லை. எறும்பு நடந்துவர முடியாதபடி அந்த இழை அவ்வளவு மெல்லியது. பிறகு காவல் எதற்கு? எடைக்கு எடை எஃகையே மிஞ்சும் இழை என்ற புகழ் சிலந்திப் பட்டுக்கு எப்போதும் உண்டு. என்னை அதைவிட வியக்கவைப்பது தேவையில்லாதபோது அந்த வேதிப்பொருளைச் சேர்க்காத இந்தச் சிக்கனம்தான். சுற்றுச்சூழலைக் கெடுக்காத பூச்சிவிரட்டிகளை உருவாக்கவும் இந்தக் கண்டுபிடிப்பு வழிகாட்டக்கூடும்.